பக்கத்து நிலத்தில் கட்டடம் வரப்போகிறதா? பினாங்கு நகரத் திட்டமிடலில் குரல் கொடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் ஒரு கட்டடம் எழும்பும் முன் அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்க வேண்டிய கட்டங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. நம்மில் பலருக்கு அது தெரியாது. மண்வாரி இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் கோயில் மண்டபத்தில் கூட்டம் போடுகிறோம், நாளிதழுக்குப் பேட்டி கொடுக்கிறோம், சட்டமன்ற உறுப்பினரைத் தேடி ஓடுகிறோம். அதற்குள் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்தாகி மாதங்கள் கடந்திருக்கும். எந்தக் கட்டத்தில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை, இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஜெலுத்தோங்கில் சொந்த வீடு வைத்திருப்பவர், கடைத்தெருவில் வாடகைக் கடை நடத்துபவர், ஆலய நிர்வாகத்தில் இருப்பவர் என ஒவ்வொருவருக்கும் வழி கொஞ்சம் மாறும்.

முடிவெடுப்பவர் யார்

தீவில் திட்ட அனுமதி தருவது பினாங்கு மாநகர் கழகம். பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் கழகம். இரண்டுக்கும் மேலே முதலமைச்சர் தலைமையில் மாநிலத் திட்டக் குழு இருக்கிறது. மாநிலம் முழுமைக்குமான கொள்கையை வகுப்பது அதுதான். இவை எல்லாம் 1976 ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. அலுவலகங்களில் சுருக்கமாகச் சட்டம் 172 என்பார்கள். அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அலுவலக முகப்பிடத்தில் பேசும்போது உதவும்.

ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுன் மக்கள் தங்கள் நகர மன்ற உறுப்பினர்களை வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 1951இலேயே இங்கே தேர்தல் தொடங்கிவிட்டது. தமிழரான டி.எஸ். இராமநாதன் இந்நகரின் மேயராகவே இருந்தார், அவர் பெயரில் இன்றும் சாலை உண்டு. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, பிறகு வரவேயில்லை. இன்று மாநகர் கழக உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். தேர்தலை மீட்க 2014இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தும் பலிக்கவில்லை. அதனால்தான் இங்கே மக்கள் இயக்கங்களுக்கு இவ்வளவு வேலை. வாக்குப் பெட்டி இல்லாத இடத்தில் ஆட்சேபக் கடிதம்தான் நம் கையில் இருக்கிறது.

இந்த வேலையைப் பல காலமாகச் செய்து வருகிறவர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் இயங்குகிறது. எங்கே போவது என்று தெரியாத தமிழருக்கு முதல் கதவு அதுதான் என்பேன். பழைய கட்டடங்கள் என்றால் 1986இல் உருவான பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை. 2008இல் பல அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய பினாங்கு ஃபோரம், போக்குவரத்து, கடலைத் தூர்த்து நிலமாக்குதல், மலைச்சரிவுக் கட்டுமானம் போன்ற பெரிய விவகாரங்களில் குரல் கொடுத்து வருகிறது.

முதல் வேலை: உங்கள் இடத்துக்கு என்ன திட்டம் என்று பாருங்கள்

மூன்று அடுக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மாநிலம் முழுமைக்குமான கட்டமைப்புத் திட்டம், மலாயில் ராஞ்சாங்கான் ஸ்ட்ரக்டூர். 2030 வரைக்குமானது 2019இல் அரசிதழில் வெளியானது. அதன் கீழே உள்ளூர்த் திட்டம், ராஞ்சாங்கான் தெம்பாத்தான். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் பசுமை, எவ்வளவு அடர்த்தி என்று வரைபடத்தோடு சொல்வது இது. மூன்றாவது சிறப்புப் பகுதித் திட்டம். ஜார்ஜ் டவுன் பாரம்பரிய வலயத்துக்கு இப்படி ஒன்று 2016இல் அரசிதழில் வந்தது. சட்டத்தின் பார்வையில் உள்ளூர்த் திட்டத்துக்கு உள்ள அதே வலு இதற்கும் உண்டு.

இவற்றின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் சில வாரங்கள்தான் நம் பங்களிப்புக்கு ஆகப் பெரிய வாய்ப்பு என்பது என் உறுதியான கருத்து. வரைவு வெளியானதும் அரசு அலுவலகங்கள் இயங்கும் கொம்தார் கோபுரத்திலும் மற்ற இடங்களிலும் கண்காட்சி வைப்பார்கள், படிவம் கொடுப்பார்கள், எழுதியவர்களை விசாரணைக்கு அழைப்பார்கள். அந்த நேரத்தில் நில உரிமையாளர், வாடகைக்காரர், மாணவர் என்ற பேதம் இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'இந்தத் தெருவுக்கு இத்தனை மாடிதான்' என்ற வரி திட்டத்துக்குள் ஏறிவிட்டால், அப்புறம் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த வரியைத் தாண்டித்தான் வர வேண்டும். இந்தத் திட்டங்களுக்கு மாறான விண்ணப்பத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று சட்டம் 172 சொல்கிறது.

மலைச்சரிவை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலம், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலம், இரண்டையும் மலை நிலமாகப் பார்த்துக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் வரையறை பினாங்கின் கட்டமைப்புத் திட்டத்தில் 2007இலேயே இடம்பெற்றது. 'சிறப்புத் திட்டங்கள்' என்ற விலக்கும் கூடவே வந்தது. இத்தனை வருட வாக்குவாதமும் அந்த விலக்கைப் பற்றித்தான். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். சரிவைப் பற்றி எழுதும்போது அழகு, காட்சி என்று மட்டும் எழுதாதீர்கள், உயிரைப் பற்றி எழுதுங்கள்.

இரண்டாவது: உங்களுக்குக் கடிதம் வருமா?

உள்ளூர்த் திட்டம் இன்னும் நடப்புக்கு வராத பகுதியில் ஒரு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு மாநகர் கழகம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபத்தைக் காரணத்தோடு தெரிவிக்கலாம். சட்டம் 172இன் 21ஆம் பிரிவு சொல்வது இது. ஆகவே முகப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்த லாட் (மனை) உள்ள பகுதிக்கு அரசிதழில் வெளியான உள்ளூர்த் திட்டம் இருக்கிறதா?' என்பது. இருந்தால், தனிப்பட்ட அறிவிப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். திட்டத்தின் பிரதியை வாங்கி, விண்ணப்பம் அதற்குப் பொருந்துகிறதா என்று நேரடியாகப் பாருங்கள்.

'பக்கத்து நிலம்' என்றால் எது? ஒட்டிய நிலம் ஒன்று. 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, வடிகால் இவற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலம் இன்னொன்று. முட்டுச்சந்துதான் நுழைவுப் பாதை என்றால், அதைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலங்களும் சேரும். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சாலையின் அகலத்தை நீங்களே அளந்து எழுதி வையுங்கள்.

இந்த இடத்தில் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு சிக்கல் உண்டு. கடிதம் போவது நில அலுவலகப் பதிவில் உள்ள உரிமையாளருக்கு. தாத்தா இறந்து எத்தனையோ வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், பங்கு பிரிப்பதில் மனத்தாங்கலும் இருக்கும். கடிதம் பழைய முகவரிக்குப் போய் அங்கேயே கிடக்கும். 21 நாள் ஓடிவிடும். ஆகவே இன்றே நில அலுவலகத்தில் காரியான் ரஸ்மி, அதாவது அதிகாரபூர்வ நிலத் தேடல் செய்து, பட்டாவில் யார் பெயர், எந்த முகவரி என்று பாருங்கள். பெயர் மாற்றம் பாக்கி இருந்தால், எந்தக் கட்டுமானமும் வராத இந்த நேரத்திலேயே முடித்துவிடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கிற உரிமை மட்டுமல்ல, மேல்முறையீட்டு உரிமையும் அந்தப் பெயரோடு கட்டுண்டது.

மூன்றாவது: வரைபடத்தைப் பார்க்கப் போங்கள்

கடிதம் கையில் கிடைத்ததும் அதில் உள்ள விண்ணப்ப எண்ணோடு மாநகர் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போங்கள். வரைபடங்களோடு லாப்போரான் சாடாங்கான் பெமாஜுவான் என்ற மேம்பாட்டு முன்மொழிவு அறிக்கையும் இருக்கும், அதையும் கேளுங்கள். நிலத்தின் தன்மை, சுற்றுப்புறம், கட்டப்போவதன் விளைவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கட்டடக் கலைஞரோ நில அளவையாளரோ தெரிந்தவர் இருந்தால் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம், நான்கு விஷயங்களைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

உயரம் எவ்வளவு, மாடி எத்தனை. பாரம்பரிய வலயத்தில் உயர வரம்பு 18 மீட்டர். அடுத்து மனை விகிதம்: 10,000 சதுர அடி நிலத்துக்கு விகிதம் 4 என்றால் 40,000 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் கார் நிறுத்தும் மாடிகள் அந்தக் கணக்கில் சேர்கின்றனவா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். சேராவிட்டால் காகிதத்தில் தெரிவதைவிடக் கட்டடம் பருத்து நிற்கும். மூன்றாவது, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுகிறார்கள். நான்காவது, வண்டிகள் எந்த வழியாக வந்து போகும், மழைநீர் எந்த வடிகாலில் விழும். நடைமுறையில் ஒரு தெருவின் நிம்மதி கெடுவது பெரும்பாலும் இந்த நான்காவதால்தான்.

நான்காவது: ஆட்சேபக் கடிதம்

கடிதம் மலாயில் இருக்கட்டும். ஒவ்வொரு உரிமையாளரும் தன் லாட் எண்ணோடு தனித்தனியாக எழுதுவது நல்லது. நூறு கையெழுத்துள்ள ஒரு மனுவைவிட, தனித்தனிக் காரணங்களோடு வரும் கடிதங்களைத் தள்ளிவைப்பது கடினம்.

'இந்தக் கட்டடம் எங்கள் அமைதியைக் கெடுக்கும்' என்று மட்டும் எழுதினால் அது மனக்குறையாகவே நின்றுவிடும். கீழே உள்ளது போல் எழுதிப் பாருங்கள்:

'விண்ணப்ப நிலத்துக்குப் போகும் ஒரே வழி எங்கள் தெரு. நான் அளந்ததில் அதன் அகலம் 6 மீட்டர். மாலையில் இரு பக்கமும் கார்கள் நிற்கும்போது நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம் என்பதை இணைத்துள்ள படங்கள் காட்டுகின்றன. தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்பதற்கு முன்மொழிவு அறிக்கையில் விளக்கம் இல்லை. கனமழையில் தெருமுனை வடிகால் நிரம்பி வழிவதற்கான படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் தீர்வு காட்டாமல் அனுமதி தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னை நேரில் விசாரிக்கும்படியும் கோருகிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விசாரணை கேட்டு எழுதியவரை, ஆட்சேபம் கிடைத்த 30 நாளுக்குள் மாநகர் கழகம் விசாரிக்க வேண்டும். கேட்காதவருக்கு அந்த நாற்காலி கிடைக்காது. கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாரணையில் பேச நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். தெருவில் பத்துப் பேர் எழுதியிருந்தால் முன்னதாகவே உட்கார்ந்து, ஒருவர் போக்குவரத்து, ஒருவர் வடிகால், ஒருவர் உயரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மலாயில் சரளமாகப் பேசும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பெரியவர்கள் தெருவின் வரலாற்றைச் சொல்லட்டும். எந்த வருடம் வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், எந்த ஆலோசகரின் அறிக்கையிலும் அது இருக்காது.

முடிவு பாதகமாக வந்தால், அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் லெம்பாகா ராயுவான் என்னும் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். விதிப்படி ஆட்சேபம் கொடுத்தவருக்கே அந்த வழி திறந்திருக்கும். அதற்கு வெளியே இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு என்ற வழி உண்டு. அதற்கான காலக்கெடு பொதுவாக மூன்று மாதம். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் இறங்காதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள்

கடைத்தெரு, பினாங்கு ஸ்திரீட், குயின் ஸ்திரீட் பகுதியில் மாலைக்கட்டு, மசாலைக் கடை, நகைக்கடை நடத்துகிற பலருக்குச் சொந்த நிலம் இல்லை. 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000 தொடக்கத்தில் பாதுகாப்பு விலகியதும், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் ஏராளமாக வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் உள்ளே இருந்த தொழிலும் மனிதர்களும் அதே அளவு பிழைக்கவில்லை. தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் ஆன கடைவீடுகளைப் பார்க்கும்போது எனக்கு இது வலிக்கிறது.

வாடகைக்காரருக்குப் பக்கத்து நிலக் கடிதம் வராது. ஆகவே அமைப்பாகச் சேர்வதுதான் வழி. ஏழு பேர் இருந்தால் 1966 ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின் கீழ் சங்கம் பதியலாம். ஏற்கெனவே இருக்கும் வணிகர் சங்கத்தில் ஒரு சிறு குழு அமைப்பது அதைவிடச் சுலபம். கட்டடத்தின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். பள்ளிவாசல் வக்ஃபு சொத்தாகவோ இந்து அறப்பணி வாரியத்தின் சொத்தாகவோ இருந்தால், தனி முதலாளியைவிட அவர்களிடம் பேச வாய்ப்பு அதிகம். கடை எப்போது தொடங்கியது, என்ன தொழில், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்று ஒரு பக்கம் எழுதி, பழைய படங்களோடு சேர்த்து வையுங்கள். இந்நகரின் உலகத் தகுதியில் பல இனத்தாரின் வாழும் மரபும் ஒரு காரணம். அந்தப் பக்கம்தான் உங்கள் ஆவணம்.

யாருடைய வீடு, யாருடைய பூங்கா

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா வழக்கை ஒவ்வொரு குடியிருப்பாளர் சங்கமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொதுப் பூங்காவாக இருந்த இடத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிகள் கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்து தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தலைநகருக்குத் தனித் திட்டமிடல் சட்டம் இருக்கிறது, ஆனாலும் கட்டமைப்புத் திட்டத்தை விட்டு விலகினால் காரணம் சொல்லியாக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது எல்லா ஊருக்கும் பயன்படும்.

அதே நிலத்தில் இன்னொரு கதையும் இருந்தது. பழைய புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள், 1980களிலிருந்து அங்கே நீளவீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. அவர்களுக்கான வீடுகளும் அந்த மேம்பாட்டுத் திட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தன. பூங்காவைக் காப்பாற்றுவதும் ஏழைகளுக்கு வீடு கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிர் என்பது போல் நிற்க வைக்கப்பட்டன. அப்படி நிற்க வைத்தது நியாயமே இல்லை.

இங்கே பினாங்கிலும் 2009இல் கெலுகோரின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது நமக்கு மறக்காது. மாடு வளர்த்து வாழ்ந்த அந்தத் தமிழ்க் கம்பத்தின் (கிராமத்தின்) நிலம் கைமாறிய பிறகே போராட்டம் ஊருக்குத் தெரிந்தது. ஆகவே உங்கள் சங்கம் ஒரு திட்டத்தை எதிர்க்கக் கிளம்பும் முன், அந்த நிலத்தில் இப்போது யார் வாழ்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவர்களோடு முதலில் பேசுங்கள். உங்கள் ஆட்சேபக் கடிதத்தில் அவர்களுக்கான வீட்டு ஏற்பாட்டையும் ஒரு கோரிக்கையாக எழுதுங்கள்.

பழைய கட்டடம் என்றால்

பாரம்பரிய வலயத்துக்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வகை உண்டு. முதல் வகை நினைவுச் சின்னம், இரண்டாம் வகை பாரம்பரியக் கட்டடம். இவை தவிர வெற்று மனையில் புதிதாக வருவதும், மதிப்பற்ற கட்டடத்துக்குப் பதிலாக எழுவதும் தனி வகைகள். மாநகர் கழகத்தின் பாரம்பரியப் பிரிவில் கேட்டால் உங்கள் கட்டடம் எந்த வகை என்று சொல்வார்கள். வகை தெரியாமல் கூரை ஓட்டையோ முகப்பையோ தொடாதீர்கள். பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும், சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்கு ஏற்றது.

வலயத்துக்கு வெளியே பாதுகாப்பு மெல்லியது. 2016 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையில், சுல்தான் அகமது ஷா சாலையில் ரன்னிமீட் என்ற பழைய ஹோட்டல் வளாகத்தின் துணைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1990களிலேயே கொடுத்த அனுமதி ஒன்று அதன் பின்னால் இருந்தது. 2005 ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி எவரும் ஒரு கட்டடத்தைப் பரிந்துரைக்கலாம். உங்கள் ஊரின் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடம், துணி துவைப்போர் குடியிருப்பு, சிறு கோயில் இவற்றைப் படமெடுத்து, அளந்து, பரிந்துரைக்கத் தொடங்குங்கள். இடிக்கும் பேச்சு எழுவதற்கு முன்னால் செய்தால்தான் இதற்கு மதிப்பு.

அனுமதி கிடைத்துவிட்டால்

வேலை அத்தோடு முடியவில்லை. அனுமதியோடு விதிக்கப்பட்ட நிபந்தனைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வேலை நேரம், லாரி போகும் வழி, மண் அரிப்புத் தடுப்பு, பக்கத்துச் சுவர்களின் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கும். கட்டுமானம் தொடங்கும் முன்பே உங்கள் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பிறகு விரிசல் விழுந்தால் அதுதான் சாட்சி. புகார் கொடுக்கும்போது நிபந்தனையின் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

அனுமதி கொடுத்த தேதியையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்கியிருந்தாலொழிய அந்தத் திட்ட அனுமதி காலாவதியாகிவிடும். பதினோராம் மாதத்தில் ஒருமுறை திட்டமிடல் பிரிவுக்குப் போய், நீட்டிப்புக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால், இடைப்பட்ட காலத்தில் தெருவில் மாறியது என்னவென்று எழுதி, புதிய படங்களோடு அன்றே கொடுங்கள்.